மைக்செட்காரன் சொல்லும் வழி: ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ ஆல்பத்தைக் கேட்பது எப்படி

சத்தத்தை எங்கே வைப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்காட்லாந்தில் இருக்கிற கிளாஸ்கோ ஊர் பேண்டு பெல் அண்ட் செபாஸ்டியன் 1996-ல் போட்ட ஆல்பம் இது. போட்டதும் முதல் பாட்டில் ஆரம்பிக்காதீர்கள். நேராக மூன்றாவது பாட்டுக்குப் போங்கள். ‘மீ அண்ட் தி மேஜர்’ என்று பெயர். மவுத் ஆர்கன் பிய்த்துக்கொண்டு வரும். அது காதைக் குத்துவதற்கு ஒரு நூல் முன்னால் வால்யூமை நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். இனி 41 நிமிடம் அந்தக் குமிழைத் தொடக்கூடாது.

ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், முதல் பாட்டு ‘தி ஸ்டார்ஸ் ஆஃப் டிராக் அண்ட் ஃபீல்ட்’ பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே முனகிக்கொள்வது போலத்தான் தொடங்கும். ஒரு கிடார், ஒரு குரல். குரலும் அரைக்குரல். கேட்கிற எல்லோருக்கும் கை வால்யூமுக்குப் போகும். ஏற்றுவீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக டிரம்ஸ் வரும், ஆர்கன் வரும், கடைசியில் ட்ரம்பெட்டும் சேர்ந்துகொள்ளும். இப்போது இறக்குவீர்கள். இப்படி ஏற்றி இறக்கியே கேட்டால் அந்தப் பாட்டில் நடக்கிற ஒரே பெரிய சங்கதியை நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாவதுதான் அந்தப் பாட்டு. சின்னதைச் சின்னதாக விட்டால்தானே பெரிதாவது தெரியும்?

இதையெல்லாம் சொல்கிற நான் பாட்டு விமரிசகன் இல்லை. சாத்தூர்ப் பக்கம் மைக்செட் போடுகிறவன். அப்பா காலத்தில் குழாய் ரேடியோ கட்டி, சைக்கிளில் ஆம்ப்ளிஃபயர் ஏற்றிப்போன குடும்பம். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம், இழவு வீடு என்று 26 வருஷமாக அடுத்தவர் காதில் சத்தம் ஊற்றியே பிழைப்பு. சத்தத்தைக் கூட்டச் சொல்லி என்னிடம் சண்டை போட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். குறைக்கச் சொன்னவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். அப்படிப்பட்ட கைக்கு இந்த ஆல்பம் வந்து சேர்ந்தது அக்கா மகன் வழியாக. அவன் மேல்படிப்புக்கு கிளாஸ்கோ போயிருக்கிறான். போன இடத்தில் குளிரைத் தாங்க முடியவில்லை என்று புலம்பியவன், இரண்டே மாதத்தில் அந்த ஊர்ப் பாட்டை எனக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டான்.

நான் முதல் தடவை எப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யக்கூடாதது எல்லாம் அதில் இருக்கிறது. கோயில் பொங்கல் முடிந்த மறுநாள், கடையில் 15 இஞ்ச் பாக்ஸ் இரண்டும் கழற்றாமல் கிடந்தது. மிக்ஸரில் முந்தின நாள் கரகாட்டத்துக்கு வைத்த செட்டிங் அப்படியே இருந்தது. பேஸ் முழுசாக மேலே, ட்ரெபிள் முக்கால். அதில் போட்டேன். பேஸ் கிடார் குமுகுமு என்று பெட்டியை ஆட்டியது. டிரம்ஸ் சிம்பல் சொய்யென்று தகரத்தில் மழை பெய்வது மாதிரி. பாடுகிறவனைக் காணோம். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அவனைக் கூப்பிட்டேன்.

“டேய் மாப்ள, பாட்டுக்காரன் குரலை எங்கடா தொலைச்சானுங்க? மிக்ஸ் பண்ணத் தெரியாதவன் எவனோ பண்ணிருக்கான்.”

“மாமா, அது அப்படித்தான். நீங்க ஃபேடரைத் தொடாம கேளுங்க.”

“ஃபேடரைத் தொடாம இருக்கவாடா நான் தொழில் படிச்சேன்?”

ஃபேடர் என்றால் மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளுகட்டை. அவனும் விடவில்லை. “ஒரு தடவை சும்மா கேளுங்க மாமா. அந்த பேண்டுக்கே இந்த ரெக்கார்டிங்ல திருப்தி இல்ல. ஆனாலும் ஊரே இதைத்தான் கொண்டாடுது. ஏன்னு நீங்கதான் சொல்லணும்.”

அந்தக் கேள்விதான் என்னை இழுத்தது. அவன் சொன்னது உண்மை. பாட்டெழுதிப் பாடிய ஸ்டூவர்ட் மர்டாக், தான் எழுதியவற்றில் சிறந்த பாட்டுகள் இந்த ஆல்பத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒலிப்பதிவு திருப்தி தரவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதைச் சரிசெய்ய அவர்கள் செய்த வேலையைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை

போனில் கேட்பவர்கள் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், சினிமா எஃபெக்ட் என்று என்ன இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தில் குரலும், வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரியான செல்லோவும், பியானோவும் நடு ஒலியில்தான் குடியிருக்கின்றன. பேஸைத் தூக்கினால் அவை மூன்றும் மூழ்கிவிடும். என் கடையில் நடந்தது அதுதான்.

ஷஃபிளை அணைக்க மறக்காதீர்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை ஒட்டவைக்கிற கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கிறது, அதையும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற அமைதி சும்மா விடுபட்டது இல்லை. விளம்பரத்துக்கு நடுவில் கேட்பதாக இருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஹெட்ஃபோன் நல்லதா, ஸ்பீக்கர் நல்லதா என்று கேட்டால், முதல் தடவைக்குச் சின்ன ஸ்பீக்கர், இரண்டாவது தடவைக்கு ஹெட்ஃபோன் என்பேன். விலை முக்கியமில்லை. என்னுடையது கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோன், ஒரு பக்கத்துக் குஷன் கிழிந்து இன்சுலேஷன் டேப் ஒட்டியது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மூலையில் வைக்கவே வைக்காதீர்கள். மூலை பேஸை இரட்டிப்பாக்கும். மின்விசிறியைக் குறையுங்கள். மிக்ஸி, மோட்டார், பக்கத்துவீட்டு சீரியல் எல்லாம் ஓய்கிற நேரமாகப் பாருங்கள். மேடையில் குரல் கேட்கவில்லை என்றால் நாங்கள் ஃபேடரை ஏற்றுவோம். இங்கே அதற்குப் பதிலாகச் சுற்றியிருப்பதை இறக்க வேண்டும்.

எனக்கு அப்படி ஒரு நேரம் தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு முகூர்த்தம் முடித்துப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இராத்திரி மூணு மணி. ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தேன். பையன்கள் பின்னால் தூங்குகிறார்கள். போனை டேஷ்போர்டில் வைத்து, அதன் ஸ்பீக்கரிலேயே முதல் பாட்டைப் போட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி, விளக்கை அணைத்து நிற்கிறது. வேறு சத்தம் இல்லை. கடையில் காணாமல்போன அந்தக் குரல் இப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. அவன் குரல் சின்னது என்பதால் மற்றவர்கள் ஒதுங்கி வாசிக்கிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. அவன் பாடும்போது கிடார் அடங்குகிறது. அவன் நிறுத்திய இடத்தில்தான் அடுத்தவர் வாய் திறக்கிறார். கடைசியில் ட்ரம்பெட் வரும்போது எனக்குக் கை சிலிர்த்தது, போன் ஸ்பீக்கரில்! அப்புறம் ஒரு கூட்ஸ் வண்டி வந்து இரண்டாவது பாட்டை மொத்தமாக விழுங்கிவிட்டது. ஐம்பது பெட்டிக்கு மேலிருக்கும். எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, திரும்பப் போட்டேன்.

ஆள் யார் என்று கொஞ்சம்

கேட்பதற்கு முன்னால் பெரிய வரலாறு தேவையில்லை. ஆனால் இவ்வளவு தெரிந்தால் அந்தச் சின்னக் குரல் ஏன் சின்னதாக இருக்கிறது என்று புரியும்.

பேண்டின் பெயர் பெல் அண்ட் செபாஸ்டியன். ஒரு சிறுவனும் ஒரு நாயும் வரும் பிரெஞ்சுக் குழந்தைகள் கதையிலிருந்து எடுத்த பெயர். பெல், செபாஸ்டியன் என்று பேண்டில் யாரும் இல்லை. மர்டாக் இளவயதில் நாள்பட்ட களைப்பு நோயில் விழுந்தவர். எழுந்து வேலைக்குப் போக முடியாது, படிப்பைத் தொடர முடியாது, வருஷக்கணக்கில் வீட்டோடு. பாட்டெழுத ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். கொஞ்சம் தேறிய பிறகு, வேலையில்லாத பாட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் நடத்திய ஒரு பயிற்சியில் ஸ்டூவர்ட் டேவிட் என்ற பேஸ் கிடார்காரரைச் சந்தித்தார். கிளாஸ்கோவின் மேற்குப் பக்கம் ஹைண்ட்லண்ட் என்ற பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்துக்குக் காவலாளாக, அந்தக் கூடத்தின் மாடியிலேயே பல வருஷம் குடியிருந்தார். பேண்டு பெயரெடுத்த பிறகும் அந்த வேலையை உடனே விடவில்லை. நம்மூர்க் கணக்கில் மண்டபத்துச் சாவி வைத்திருக்கிற ஆள். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். மண்டபத்துச் சாவி வைத்திருப்பவர்களோடுதான் என் வாழ்க்கையே ஓடுகிறது. எல்லோரும் போன பிறகு விளக்கணைக்கிறவர்கள் அவர்கள்.

ஸ்டோ காலேஜ் என்று ஒரு கல்லூரி. அந்தக் காலத்தில் அங்கே இசை வணிகப் பாடம் படித்த மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, வெளியிட்டுப் பழகினார்கள். பாடத்தை நடத்தியவர் ஆலன் ரேன்கின். அவரே ‘தி அசோசியேட்ஸ்’ பேண்டில் இருந்தவர். டிரம்ஸ் வாசிக்கும் ரிச்சர்ட் கோல்பர்ன் அங்கே மாணவர், மர்டாக்கோடு ஒரே வீட்டில் குடியிருந்தவரும்கூட. மர்டாக்கிடம் ஒரு சிங்கிளுக்கு மேல் பாட்டு குவிந்து கிடந்ததால் ஆல்பமே போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. ஒரு வாரத்துக்குள் பதிவு முடிந்தது. 1996 ஜூனில் ‘டைகர்மில்க்’ வந்தது. இசைத்தட்டாக மட்டும், மொத்தம் 1000 பிரதி. நம்மூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அதைவிட அதிகமாக அடிப்பார்கள்.

அதே வருஷம் நவம்பரில், ஐந்தே மாதத்தில், ஜீப்ஸ்டர் என்ற சிறு கம்பெனி வழியாக இந்த இரண்டாவது ஆல்பம். கிளாஸ்கோவின் காவா ஸ்டூடியோவில் பதிவு, டோனி டூகன் பொறுப்பு. முதல் ஆல்பம் ஆயிரம் வீட்டுக்குள் அடைந்துகிடந்ததால் உலகத்துக்கு இதுதான் முதல் ஆல்பம் மாதிரி. இதிலிருந்து சிங்கிள் என்று ஒன்றுகூடப் போடவில்லை. அப்போதெல்லாம் பேட்டிக்கு மர்டாக் பிடிகொடுக்க மாட்டார். அமெரிக்காவில் வெளியிட்ட ‘தி என்க்ளேவ்’ கம்பெனி 1997-லேயே மூடப்பட்டது. இத்தனைக்கும் பிறகு ஆள் மாற்றி ஆள் சொல்லியே இது பரவியது. 1999-ல் பிரிட் விருது விழாவில் இவர்களுக்குச் சிறந்த புதுமுகம் விருது. அதற்குள் மூன்று ஆல்பம் போட்டிருந்தார்கள். புதுமுகமாம்.

முதல் சுற்று: வரிசையாக, வார்த்தையை விட்டுவிட்டு

முதல் தடவை பாட்டு வரிகளைப் படிக்காதீர்கள். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் இங்கிலீஷ் கொட்டேஷன் எழுதுகிற அளவுதான், அதனால் எனக்கு இது தானாகவே அமைந்தது.

படப்பாட்டில் வளர்ந்த காது நமக்கு. குரல் மேலே நிற்கும், வாத்தியம் கீழே தாங்கும். பல்லவி முடிந்ததும் வயலின்கள் கூட்டமாக வரும், சரணத்துக்கு விலகிக்கொள்ளும். இங்கே அந்தக் கணக்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏழெட்டுப் பேர் வாசிக்கிறார்கள், குரல் அந்த ஏழெட்டில் ஒன்று. என் காதுக்கு இது எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்த மாதிரித்தான் கேட்கிறது. அங்கங்கே வேகம் ஒரு இழை கூடுகிறது, ஒரு இழை குறைகிறது. கஞ்சிரா, மோர்சிங் வாசிக்கிறவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள் பாருங்கள், அந்த மாதிரி.

இசைத்தட்டில் இது பக்கத்துக்கு ஐந்து பாட்டு. நீங்களும் ஐந்தாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தி எழுந்திருங்கள். தண்ணீர் குடியுங்கள். தட்டைத் திருப்பிப் போடுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு போதும். அந்த ஐந்தாவது பாட்டு ‘தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ’ முடிந்த கையோடு ஆறாவது ‘கெட் மீ அவே ஃப்ரம் ஹியர், ஐ’ம் டையிங்’ ஓடி வந்தால், துக்கவீட்டு வாசலில் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். திருப்பிப் போடுகிற இடைவெளி விட்டால் அதே பாட்டு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. தலைப்பைப் பார்த்து பயப்படாதீர்கள், ஆல்பத்திலேயே துள்ளலான பாட்டுகளில் ஒன்று அது.

இரண்டாவது சுற்று: ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது

சவுண்ட் செக்கில் நாங்கள் செய்வதைத்தான் இங்கேயும் செய்யச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாத்தியம். ஹெட்ஃபோன் போடுங்கள். ஒரு பாட்டுக்கு ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் வாசிக்காத நேரத்திலும் அவர் பின்னாலேயே போங்கள்.

இரண்டாவது பாட்டு ‘சீயிங் அதர் பீப்பிள்’ என்றால் பியானோ, கிறிஸ் கெடிஸ். விரல் படிக்கட்டில் ஓடுகிற மாதிரி ஆரம்பித்துப் பாட்டு முழுக்க ஓடுகிறது. நான்காவது ‘லைக் டிலன் இன் தி மூவீஸ்’ பாட்டில் பேஸ் கிடார். இராத்திரி தனியாக நடக்கிறவனின் காலடி மாதிரி அது போகிறது, வேகமாகவும் போகாமல் நிற்கவும் நிற்காமல். மூன்றாவதில் மவுத் ஆர்கன், ஸ்டீவி ஜாக்சன். ரயில் சிநேகத்தைப் பற்றிய பாட்டு, வேகமும் ரயில் வேகம்தான். இசபெல் கேம்பெல்லின் செல்லோவைத் தேடுவதற்கு ஒன்பதாவது பாட்டு ‘தி பாய் டன் ராங் அகெய்ன்’ நல்ல இடம். ஆல்பத்திலேயே மெதுவாக நகர்வது அது. எனக்கு முதல் பத்துத் தடவை அது பிடிக்கவில்லை, இழுவை என்று தோன்றியது. செல்லோவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அந்த இழுவைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. எட்டாவது ‘மேஃப்ளை’ இன்னும் எனக்குச் சுமார்தான். அந்தப் பூச்சி நம்மூர் ஈசல் இல்லை என்றாலும், சிறகு முளைத்தால் ஒரு நாள் வாழ்க்கை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

இப்படிப் பத்துப் பாட்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். காது களைத்துப்போகும். நாளுக்கு இரண்டு போதும்.

மூன்றாவது சுற்று: வார்த்தை

வரிகளுக்கு வரும்போது ‘தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ’வில் தொடங்குங்கள். எளிய இங்கிலீஷ், மெதுவான பாட்டு, உச்சரிப்பும் தெளிவு. பனியில் ஒரு நரி, பசியோடு அலைகிறது. அடுத்தடுத்து ஒரு பெண், சைக்கிளில் ஒரு பையன் என்று ஆள் மாறுகிறார்கள். எல்லோரிடமும் பாட்டு கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: எங்கே போகிறாய், எப்படிப் பிழைக்கிறாய் என்று. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நரி காட்டில்தானே இருக்கும், இவன் ஊருக்குள் ஏன் பார்க்கிறான்?

மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவன் பார்ட்டிக் பகுதியில் அறை எடுத்திருக்கிறான். “மாமா, இங்க நரி தெருவுலயே திரியும். நம்ம ஊர் நாய் மாதிரி. நைட் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது குப்பைத்தொட்டி பக்கத்துல நிக்கும். என்னைப் பார்த்துட்டு ஓடக்கூட இல்ல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னோம்.” படிக்கப் போனவன் நைட் ஷிஃப்ட் வேலைக்கும் போகிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நான் கேட்பது வேறு மாதிரி.

அதற்கு அடுத்து ஏழாவது, தலைப்புப் பாட்டு. குழந்தைகள் விளையாடுகிற இரைச்சலோடு தொடங்கும். முதல் தடவை என் தெருப் பிள்ளைகள் என்று நினைத்து வாசல் கதவைச் சாத்தப் போனேன். அந்த இரைச்சலுக்கு மேல் அவர் பாடுவது மனம் உடைந்துபோன இரண்டு பேரைப் பற்றியும், ஆறுதலுக்காக அவர்கள் தட்டுகிற தேவாலயக் கதவைப் பற்றியும். சாவும் வருகிறது, கிண்டலும் வருகிறது, இரண்டும் ஒரே குரலில். தேவாலயத்தைக் கிண்டல் செய்கிற பாட்டு என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் எழுதியவர் தேவாலயக் கூடத்து மாடியில் குடியிருந்தவர், அங்கே பாடல் குழுவில் பாடியவர். கோயிலுக்குள்ளேயே கிடக்கிற பூசாரிதான் சாமியை உரிமையோடு திட்டுவார். மனம் சரியில்லாத நாளில் இந்த ஒரு பாட்டைத் தள்ளிவையுங்கள். இதை ஒரு மைக்செட்காரனாக இல்லாமல் வயசானவனாகச் சொல்கிறேன்.

மற்ற பாட்டுகளுக்கு அகராதி தேவைப்படும். பள்ளிக்கூட விளையாட்டு வீரர்கள், யாரை முத்தமிடுவது என்று குழம்பும் பிள்ளைகள், பேருந்தில் தனியாக உட்கார்ந்து புத்தகத்துக்குள் மறைந்துகொள்கிறவர்கள். எல்லாமே ஓரத்தில் நின்று பார்த்தவன் எழுதியது. நாள்கணக்கில் ஜன்னல் வழியாகவே ஊரைப் பார்த்தவனுக்கு அது வராமல் யாருக்கு வரும்?

எங்கே கேட்கக்கூடாது

கூட்டத்தில் கேட்கக்கூடாது. நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் சவுண்ட் செக் நேரம், பந்திக்கு இலை போடுகிறவர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று நினைத்து பத்தாவது பாட்டு ‘ஜூடி அண்ட் தி ட்ரீம் ஆஃப் ஹார்சஸ்’ போட்டேன். அதில் ரெக்கார்டர் என்று ஒரு குழல் வரும். அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்கிற வாத்தியம், அதனால் அதன் சத்தத்திலேயே ஒரு அரை நிக்கர் வாசனை இருக்கும். பெண்ணின் பெரியப்பா வெற்றிலையோடு வந்தார். “என்னப்பா தம்பி, பீப்பி ஊதுற பாட்டெல்லாம் போடுற? நல்லதா ஒரு சாமி பாட்டுப் போடு.” போட்டேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மண்டபத்தின் எதிரொலியில் அந்தக் குழல் உண்மையாகவே பீப்பி மாதிரித்தான் கேட்டது. இந்த ஆல்பம் கூரை உயரம் குறைந்த இடத்துக்கானது.

காரில், குடும்பத்தோடு, ஏசி போட்டுக்கொண்டும் வேண்டாம். டயர் சத்தம் பேஸைத் தின்றுவிடும், ஏசி குரலைத் தின்றுவிடும், மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, பழுதுபார்த்த ஆல்பம்

மூன்று சுற்றும் முடிந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். அதற்கு முன்னால் கேட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. 2005 செப்டம்பரில் லண்டன் பார்பிக்கன் அரங்கில் இந்தப் பத்துப் பாட்டையும் இதே வரிசையில் பேண்டு மேடையில் வாசித்தது. அந்தப் பதிவை அதே வருஷக் கடைசியில் நிலநடுக்க நிவாரணத்துக்காக ஐடியூன்ஸில் வெளியிட்டார்கள். 1996-ல் சரியாக வராததை ஒன்பது வருஷம் கழித்துச் சரியாக வாசித்துக் காட்டும் முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குள் இசபெல் கேம்பெல்லும் ஸ்டூவர்ட் டேவிட்டும் விலகிப் போயிருந்தார்கள்.

கேட்கும் முறை இப்படி: முதல் பாட்டைப் பழைய ஆல்பத்தில் ஒரு தடவை, உடனே பார்பிக்கனில் ஒரு தடவை. பிறகு மூன்றாவது, அதே மாதிரி. பிறகு பத்தாவது. மூன்று போதும். தொழில்காரனாக என் மார்க் பார்பிக்கனுக்குத்தான். குரல் முன்னால் வந்து நிற்கிறது, டிரம்ஸ் டிரம்ஸ் மாதிரி இருக்கிறது, எவனும் யாரையும் தேட வேண்டாம். இந்த மிக்ஸை நான் போட்டிருந்தால் பேசிய தொகையை ஒரு ரூபாய் குறைக்காமல் வாங்கியிருப்பேன். ஆனால் ரயில்வே கேட்டில் நடந்தது அதில் நடப்பதில்லை. தேட வேண்டாம் என்றால் காது சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. 1996 பதிவில் பாடுகிறவனுக்குத் தன் குரல் மேல் முழு நம்பிக்கை இல்லை, மற்றவர்கள் அதைத் தெரிந்துகொண்டு அவனைச் சுற்றி நடக்கிறார்கள். பார்பிக்கனில் அவன் தேறிவிட்டான். நல்ல விஷயம்தான்.

மாப்பிள்ளைக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். “சரி மாமா, அப்ப பழசுல நீங்க ஃபேடரை எவ்வளவு ஏத்துவீங்க?” என்றான். ஏற்ற மாட்டேன் என்றேன். நம்பவில்லை.

இதற்குப் பிறகு ‘டைகர்மில்க்’ கேட்கலாம், 1999-ல் மறுவெளியீடு ஆகி இப்போது எங்கேயும் கிடைக்கிறது. 1998-ல் வந்த ‘தி பாய் வித் தி அரப் ஸ்ட்ராப்’ அதற்கும் அடுத்து. அவசரமில்லை.

கடையில் நான் இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிற பழைய சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. மவுத் ஆர்கனை வைத்து அளந்த இடத்தில், வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில், வீட்டில் கேட்காமல் எடுத்த சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்தேன். பார்பிக்கன் பதிவு அந்தப் புள்ளியில் அதட்டுகிறது. அதற்கு இடப்பக்கம், ஒரு விரல்கடை தள்ளி, இன்னொரு புள்ளி வைத்திருக்கிறேன்.